படலையிலிருந்து தார் வீதி வரை: வன்னிக்கு எந்த எஞ்சின்?

வாகனம் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைத்தான். வன்னியில் அது இரண்டாவது கேள்வி. உங்கள் படலையிலிருந்து தார் வீதி ஏறும் இடம் வரைக்கும் என்ன பாதை என்பதே முதல் கேள்வி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் எந்தக் காரும் ஓடும். துணுக்காய்க்கு உள்ளே, ஒட்டுசுட்டானைத் தாண்டி, பூநகரிப் பக்கத்துக் களிமண் ஒழுங்கைகளில் மாரி முழுக்கச் சேறு, மிச்ச நாளெல்லாம் புழுதி. எஞ்சினின் ஆயுள் அந்தக் கடைசி ஐந்தாறு கிலோமீற்றரில்தான் தேய்கிறது.

எங்கட ஆக்களுக்குப் பழைய டீசலில் ஒரு பக்தி இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பெற்றோல் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7, 8 என்ற அளவில் இருந்ததால், ஒக்ரேன் குறைந்த எண்ணெயையும் அவை சகித்துக்கொண்டன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஓயிலைத் தண்ணியாக்கியது. ஓயிலை அடிக்கடி மாற்றாதவரின் பெயறிங் போனது. எதை ஊற்றினாலும் ஓடவேண்டும், எந்தக் கராஜிலும் திருத்தவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அன்று பிறந்தது. டொல்பின் வானும் பழைய ஹைலக்சும் இன்றும் விலை இறங்காமல் நிற்பது அதனால்தான்.

அவற்றில் வரும் 3எல் டீசல் எஞ்சின் அந்தப் பெயருக்குத் தகுதியானது என்றே சொல்வேன். 2.8 லீற்றர், ரேர்போ இல்லை, கம்பியூற்றர் இல்லை, பம்ப் முழுக்க இயந்திரம். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, டைமிங் பெல்ற். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பெல்ற் அறுந்தால் பிஸ்ரன் வால்வில் அடித்து, வால்வுகள் வளையும். மீற்றர் பின்னுக்குச் சுற்றப்பட்ட வானை வாங்கியவருக்கு அந்த ஒரு இலட்சம் எப்போது வருமென்று தெரியப்போவதில்லை. வாங்கிய கிழமையே பெல்ற்றையும் ரென்சனரையும் மாற்றிவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கோ. 2சீ எஞ்சின் ஓடும் பழைய கொறோலா, ரவுண் ஏஸ் வைத்திருப்பவர்கள் சூட்டைப் பற்றி இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் வெடிப்பு விடும்.

டொல்பினுக்குப் பிறகு வந்த ரொயோட்டா ஹைஏஸான கேடிஎச் வான் வேறு சாதி. அதில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இன்ஜெக்ரருக்குப் போகிறது. பம்புக்கு மசகு அந்த டீசலேதான், தனி ஓயில் இல்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் அந்த வழுவழுப்பு குறைவு. கலன்களில் நாட்கணக்காகக் கிடந்ததில் தண்ணி இருக்கும். பழைய பம்ப் முனகிக்கொண்டாவது ஓடும், இது ஓடாது. டீசல் பில்ரரில் தண்ணி சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அன்றைக்கே பில்ரரின் அடியிலுள்ள திருகை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பை அழுத்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடிய விட்டு இறுக்குங்கோ. பத்து நிமிட வேலை. தள்ளிப்போட்டால் நான்கு இன்ஜெக்ரருக்குக் காசு தேடவேண்டி வரும்.

வீட்டுத் தேவைக்கு மட்டும், வருடத்துக்குப் பத்துப் பதினையாயிரம் கிலோமீற்றர் ஓடுபவருக்கு டீசலே தேவையில்லை என்பது என் கருத்து. 1என்இசட் எஞ்சினுள்ள ஒரு பழைய பெற்றோல் கொறோலா போதும். அதற்கு பெல்ற் இல்லை, செயின். ஓயில் பில்ரரோடு சேர்த்து 3.7 லீற்றர். உதிரிப்பாகம் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கிடைக்கும். நெல் மூடை ஏற்றுவதற்குத்தான் வாகனம் என்றால் அது வேறு கணக்கு. அங்கேயும் ஒரு எச்சரிக்கை: டிமோ பட்டா என்று நாங்கள் சொல்லும் ரற்றா ஏஸ், 702 சீசீ, இரண்டு சிலிண்டர், சுமை 750 கிலோ. 65 கிலோ மூடை பதினொன்றோடு கணக்கு முடிகிறது. இருபது ஏற்றினாலும் ஓடும்தான். பின் வில்லுத்தகடு, கிளச், பிரேக் மூன்றும் முறை வைத்துப் போகும்.

இனித் தண்ணி. வன்னிக் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லைப் பாருங்கோ, ரேடியேற்றருக்குள்ளும் அதேதான் படிகிறது. மெல்லிய குழாய்களில் அரை மில்லிமீற்றர் படிந்தாலே சூடு வெளியேறுவது குறையும். முந்திய பித்தளை ரேடியேற்றரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். இப்போதைய அலுமினியக் குழாயும் பிளாஸ்ரிக் தொட்டியும் உள்ளதை அப்படிச் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே கூலன்ற்றும் பற்றறித் தண்ணியும் பாதிக்குப் பாதி. பற்றறித் தண்ணி கிடைக்காவிட்டால் கூரையில் புழுதி கழுவுப்பட்ட பிறகு பிடித்த மழைத்தண்ணி. எங்கட வெக்கைக்குக் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது உறைவதைத் தடுக்க மட்டும் உள்ள சாமான் இல்லை. துருவையும் அலுமினிய அரிப்பையும் தடுக்கிறது, கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துகிறது.

ரேடியேற்றர் மூடியையும் மறக்கவேண்டாம். அழுத்தம் 0.9 என்று அடித்த மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணிகூட ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. றப்பர் வெடித்த மூடியோடு அது 100 பாகையிலேயே பொங்கும். சில நூறு ரூபா மூடியைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றிய கதைகள் எல்லாக் கராஜிலும் உண்டு.

சூடு ஏறுகிறதென்றால் தேமோஸ்ரற்றை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் வால்வை, கழற்றி எறியும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பெரிய பிழை. பல ரொயோட்டா எஞ்சின்களில் தேமோஸ்ரற்றின் அடித்தட்டு, எஞ்சின் சூடானதும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணியில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பும். காலையில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், மத்தியானம் ஆள் நிறைய ஏற்றி ஏசியும் போட்டால் கொதிக்கும். தேமோஸ்ரற் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு சட்டித் தண்ணியில் போட்டுச் சூடாக்குங்கோ. தண்ணி கொதிக்க முதல் அது திறக்கவேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கோ, அதன் றப்பரையும் சேர்த்து.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. சப்பியும் உமியும் பறந்து வந்து ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணி அடிப்பதானால் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடியுங்கோ. முன்னுக்கிருந்து வேகமாக அடித்தால் உமி இன்னும் உள்ளே இறுகும், தகடும் மடியும்.

புழுதிக்கு வருவோம். சோளகம் தொடங்கிய பிறகு கிரவல் வீதியில் ஓடும் வாகனத்தின் எயார் பில்ரரை 2,500 கிலோமீற்றருக்கு ஒருதடவை திறந்து பார்க்கவேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் இடைவெளி தார் வீதிக்கானது. காற்று அடித்தால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில். கடதாசிப் பில்ரரைக் கழுவவே கூடாது. அதைவிட முக்கியம், பில்ரரைத் தாண்டியுள்ள குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. விரலில் செம்மண் ஒட்டினால் பெட்டியின் கிளிப்போ றப்பரோ பிடிக்கவில்லை. அந்த மண் ஓயிலோடு சேர்ந்து அரத்தாள் மாதிரி பிஸ்ரன் றிங்கைத் தேய்க்கும். ஓயில் குடிக்கும் எஞ்சின்களில் பாதிக்கு வியாதி இங்கேதான் தொடங்குகிறது. மணல் ரிப்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாமல் புழுதி அடங்கும் தூரம் விட்டுப் போனால் பில்ரரும் மிஞ்சும், கண்ணும் மிஞ்சும்.

ஹைபிறிட்காரருக்கும் புழுதிதான் எதிரி. அக்வா, பிறியஸ் இரண்டிலும் பெரிய பற்றறியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கைக்கு அருகிலுள்ள சிறு வாசலால் போகிறது. அதன் மேல் பையை வைத்து மூடுவதும், விசிறியில் செம்மண் படிய விடுவதும் பற்றறியைக் கொல்லும். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அந்த வாசலையும் விசிறியையும் சுத்தப்படுத்தச் சொல்லுங்கோ. உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களில் நீங்களாகக் கை வைக்கவேண்டாம். அக்வா நிலத்திலிருந்து 140 மில்லிமீற்றர்தான் உயரம். உழவு மிசின் ரயர் வெட்டிய தடத்தில் நேரே இறங்கினால் நடுமேடு அடியை வாரும். ஒரு பக்க ரயரை நடுமேட்டிலும் மற்றதைக் கரையிலும் வைத்து ஓட்டுங்கோ.

நியூற்றலில் உருளவிட்டால் எண்ணெய் மிஞ்சும் என்பது காபரேற்றர் காலத்துக் கணக்கு. இன்ஜெக்சன் எஞ்சினில் கியரில் வைத்து அக்சிலேற்றரை விட்டால் எண்ணெய் முற்றாக நிற்கும், நியூற்றலில் விட்டால் எஞ்சினை உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டிய இடம் தெரிந்தால் கியரிலேயே உருட்டுங்கோ. நெல் காயப்போட்ட வீதியில் மட்டும் பிரேக்கை முன்னரே தொட்டுவிடவேண்டும், நெல்மணி ரயருக்கடியில் குண்டுமணி போல உருளும்.

ஏ9 இல் இரவு 70 இல் போவது சட்டப்படி சரி. 70 என்பது செக்கனுக்கு 19 மீற்றர். ஒன்றரைச் செக்கன் திடுக்கிட, பிறகு பிரேக், எல்லாமாக ஏறத்தாழ 55 மீற்றர். எதிரே வருபவருக்காக விளக்கைத் தாழ்த்தினால் தெரிவது 40, 50 மீற்றர். படுத்திருக்கும் எருமை கறுப்பு, அதற்குப் பின் விளக்கும் இல்லை. 50 இல் போனால் 35 மீற்றரில் நிற்கலாம்.

மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து தண்ணி வீதிக்கு மேலால் போகும்போது, காருக்கு எல்லை சில்லின் நடுப்பகுதி. ஓட்டம் இழுத்தால் அதுவும் கூடாது. தண்ணிக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பச் சாவி திருப்பாதையுங்கோ. தண்ணி அமுங்காது, பிஸ்ரனைப் பிடித்திருக்கும் கொன்றொட்தான் வளையும். தள்ளிக் கரையேற்றி, பெற்றோல் என்றால் புளக்கையும் டீசல் என்றால் ஹீற்றர் புளக்கையும் கழற்றி, அதன் பிறகு சுற்றித் தண்ணியை வெளியேற்றவேண்டும். எஞ்சின் ஓயிலும் டிபரென்சல் ஓயிலும் பால் நிறமாக இருந்தால் உடனே மாற்றவேண்டும்.

அப்படி மூழ்கிய வாகனங்கள் கழுவி, மணக்க மணக்க விற்பனைக்கு வருகின்றன. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை இறக்குமதி நின்றிருந்தபோது பழைய வாகன விலை ஏறியது, அவற்றுக்கும் ஆள் வந்தது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கோ. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கோ. குளிரிலேயே ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணி, விடாமல் குமிழி வருகிறதா பாருங்கோ, வந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கிறது. ஓயில் மூடியைத் தளர்த்தினால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது. முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர வாகனமென்றால் கீழே படுத்துச் சேசியில் துரு ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கோ. கடைசியாக சீற் பெல்ற்றை முழுதாக வெளியே இழுங்கோ. விற்கிறவர் கம்பளம், கதவு, பொனற் எல்லாம் கழுவியிருப்பார், பெல்ற்றின் கடைசி முழத்தில் மட்டும் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.