ட்ரிக்ஸி வர இன்னும் ஒரு வாரம் (2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் எழுதியது)

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, மூன்றையும் பார்த்துக்கொள்வது நான்தான். மே வரை மூன்றிலும் ஓடியது டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம், அதாவது 2023 ஜூன் 10 அன்று வந்த புக்வோர்ம். அடுத்தது டெபியன் 13, பெயர் ட்ரிக்ஸி. அதற்கு 2025 ஆகஸ்ட் 9 என்று தேதி குறித்திருக்கிறார்கள். நூலகர் அக்கா மார்ச்சிலிருந்தே "எப்ப தம்பி புதுசு வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தேதி தெரியாத அந்த மாதங்களில், வழுக்களின் (நிரல்களில் உள்ள பிழைகளின்) எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்துத்தான் அவருக்குப் பதில் சொன்னேன்.

டெபியனில் எல்லா வழுவும் வெளியீட்டைத் தடுக்காது. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் என்று மூன்று தரங்கள் மட்டும்தான் தடுக்கும். ஒரு பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய நிரல்) மொத்தக் கணினியையே கெடுத்தால் கிரிட்டிக்கல். தானே பயன்படாமல் போனாலோ உங்கள் கோப்புகளை அழித்தாலோ கிரேவ். டெபியனின் கொள்கையை மோசமாக மீறினால் சீரியஸ். இவற்றின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அதில் அடுத்த வெளியீட்டைத் தொடுவது எத்தனை என்று தனியாக ஒரு கணக்கு உண்டு, அதுதான் முக்கியம். நான் பார்ப்பதும் அதைத்தான். சில நாள் பத்து குறையும், மறுநாள் நாலு ஏறும். ஏறினால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து சோதித்துப் பார்த்ததால்தான் அந்த நாலும் வெளியே வந்தது.

வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை நிறுத்தி வைக்கும் உறைநிலையும் ஒரே நாளில் வருவதில்லை. மார்ச் 15 அன்று பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரலகங்களில் (லைப்ரரி) பெரிய மாற்றங்களை நிறுத்தினார்கள், ஏப்ரல் 15 முதல் புதுப் பொதிகள் உள்ளே வர வழியில்லை, மே 17 அன்று பிடி இன்னும் இறுகியது, ஜூலை 27 முதல் முழு உறைநிலை. அதன் பிறகு எந்தத் திருத்தம் போக வேண்டுமானாலும் வெளியீட்டுக் குழுவில் ஒருவர் மாற்றத்தைப் படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். சம்பளமில்லாமல் இத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. முன்பு 2002இல் வந்த வுடி என்ற டெபியன் பதிப்புக்கும் 2005இல் வந்த சார்ஜுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம் காத்திருந்தார்கள். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் இந்தக் கட்டுப்பாடு ஒரு பெரிய காரணம்.

சரி, எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமா என்று தோன்றியதால் மே கடைசியில் ஒரு கணினியை டெஸ்டிங்குக்கு, அதாவது ட்ரிக்ஸியின் சோதனை நிலைக்கு, மாற்றினேன். நான் முதலில் பார்த்தது எழுத்துதான். எங்கள் ஊரில் ஒரே பிள்ளை தமிழிலும் மலையாளத்திலும் டைப் செய்யும். டைப் செய்ய உதவும் ஐபஸ் மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை வந்தது, மலையாள இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை வந்தது, ரச்சனா என்ற மலையாள எழுத்துருவில் கூட்டெழுத்துகள் உடையாமல் நின்றன. கேரளப் பள்ளிகளில் லினக்ஸில்தான் படிக்கிறார்கள் என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை, வந்து உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து தற்காலிகமாக டெம்ப் கோப்புறையில் போட்டு வைப்போம். மேம்படுத்திய பிறகு கணினி மெதுவானது, அணைத்துப் போட்டதும் அன்றைக்கு ஸ்கேன் செய்த நாற்பது பக்கமும் காணவில்லை. கிரேவ் என்று வழு எழுதவே தொடங்கிவிட்டேன். அனுப்பும் முன் வெளியீட்டுக் குறிப்பின் வரைவைப் படித்தால் விஷயம் அதிலேயே இருக்கிறது: ட்ரிக்ஸியில் டெம்ப் கோப்புறை வட்டில் இல்லை, நினைவகத்தில் (ரேம்) இருக்கிறது, பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ரேமில் அது தாங்காது. அப்படி வைக்கும் மவுண்ட் யூனிட் என்ற அமைப்பை மாஸ்க் செய்தால், அதாவது முடக்கினால், பழையபடி வட்டுக்குப் போய்விடும், அதையும் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். மேம்படுத்தும் முன் அந்தக் குறிப்பைப் படியுங்கள், தயவுசெய்து. அந்த நாற்பது பக்கத்தையும் மறுபடி ஸ்கேன் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

எனக்கு வருத்தமான ஒன்றும் உண்டு. மூன்றாவது கணினி 32 பிட். ட்ரிக்ஸியில் அதற்கு நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை. 64 பிட் கணினிக்குள் பழைய 32 பிட் நிரல்களை ஓட்டுவதற்கு மட்டும்தான் ஐ386 என்ற 32 பிட் பொதிகள். அந்த வன்பொருளைச் சோதித்துப் பராமரிக்க ஆள் குறைந்துபோனது எனக்குப் புரிகிறது, முடிவு சரிதான். இருந்தாலும் வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் ஒரு அண்ணன் மாலையில் வந்து பேப்பர் படிப்பது அந்தக் கணினியில்தான்.

ஆகஸ்ட் 9 சனிக்கிழமை. அன்றைக்கே பாய மாட்டேன், திங்கட்கிழமை காலையில் நூலகம் திறக்கும் முன் முதல் இரண்டிலும் வெளியான ட்ரிக்ஸியைப் போடுவேன், பேக்கப் ஏற்கெனவே எடுத்தாயிற்று. மூன்றாவது புக்வோர்மிலேயே இருக்கட்டும், அதற்கு 2026 ஜூன் வரை வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குள் யாரிடமாவது பயன்படுத்திய 64 பிட் கணினி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், பொள்ளாச்சி வரை வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.