காட்பாடி காந்தி நகரில் வாடகைக்கு வீடு பிடித்த அனுபவம்

மனைவிக்கு வேலை வேலூர் டவுனுக்குள் என்பதால் முதலில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கமே தேடினோம். அங்கே தெருவுக்குத் தெரு ரூம் வாடகைக்கு போர்டு தொங்கும், ஆனால் பெரும்பாலும் வெளி மாநிலத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுவதுதான், மாத வாடகைக்குக் குடும்பத்தை வைத்தால் ஓனருக்குக் கட்டுப்படியாகாது. சரி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று காட்பாடிக்கு வந்தோம். காட்பாடியிலிருந்து வேலூர் டவுன் வழியாகப் பாகாயம் வரைக்கும் 1, 2 நம்பர் டவுன் பஸ் ஓடுவதால் போக்குவரத்து ஒரு பிரச்சினையே இல்லை.

காந்தி நகர் அமைதியான இடம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவில் சத்தமே இருக்காது. ஆனால் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், ஓனர்களும் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பழகிவிட்டார்கள். புரோக்கர் ஒருவர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டார். அவர் காட்டிய வீடுகளைவிட மளிகைக் கடையில் விசாரித்துப் பிடித்த வீடுகளே தேவலாம்.

வாடகையை விட்டுவிட்டு முதலில் தண்ணீரையும் கரன்ட்டையும் கேளுங்கள். பாலாறு வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற ஊர் இது. போர் தண்ணீரா, குழாயில் காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் நமக்குத் தனியா பொதுவா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் காசு யார் தலையில் என்று ஓனரிடம் மட்டுமல்ல, மாடியில் குடியிருப்பவரிடமும் கேட்க வேண்டும், பதில் வேறாக வரும். கரன்ட் அதைவிட மோசம். தனி இ.பி. இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மீதிக்கு யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடுகிற ஸ்லாப் கணக்கு. ஓனர் சப் மீட்டர் மட்டும் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டில் வாங்கினால் அந்தச் சலுகை நம் கைக்கு வராது. வேலூர் வெயிலில் மே மாதம் ஏசி இல்லாமல் தூங்க முடியாது என்பதால் இது சின்ன விஷயமில்லை. நல்ல காற்றோட்டமான ஒரு வீட்டை இதற்காகவே வேண்டாம் என்றேன், மனைவிக்கு இன்னும் வருத்தம்தான்.

கடைசியில் அமைந்த வீட்டின் ஓனரம்மா, "தம்பி, அட்வான்ஸ் பத்து மாசம், எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க" என்றார். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' இருக்கிறதே, அதில்தான் எல்லா ஓனரும் நுழைந்துவிடுகிறார்கள். சட்டம் பேசினால் கதவைச் சாத்திவிடுவார் என்று தெரியும், அதனால் "அம்மா, ஐந்து மாசம் இப்பவே தர்றேன், வாடகை ஒண்ணாம் தேதி தவறாது" என்று பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிவு செய்யணும் என்றதும் பயந்து பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். நல்லவேளை, அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

பெயின்ட் கூலி ஒன்றில் மட்டும் ஓனரம்மா இறங்கவில்லை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வாராம். சரி என்று அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்கிற வரியோடு.