பெரியவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால்

காதுக்குக் கீழே வீங்கி, எச்சில் விழுங்கும்போதெல்லாம் சுளீரென்று இழுத்தது. முதலில் பார்த்த மருத்துவர் கடைவாய்ப் பல்லின் மேல் பழியைப் போட்டு ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். வைரஸ் நோய்க்கு அதனால் என்ன பயன்? மறுபக்கமும் வீங்கிய பிறகுதான் பொன்னுக்கு வீங்கி என்று கண்டுபிடித்தார்கள். நோயை உறுதிசெய்ய உள்கன்னத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியை வீக்கம் தொடங்கிய 3 நாட்களுக்குள் எடுப்பதே நல்லது. எனக்கு அந்த நாட்கள் பல் எக்ஸ்ரேயிலேயே போய்விட்டன. வீக்கம் தொடங்கி 5 நாட்கள் தனித்திருக்க வேண்டும் என்பதற்கான விடுப்புச் சான்றிதழ் மட்டும் சிக்கலில்லாமல் கிடைத்தது.

தாடை வற்றியதும் விட்டது தொல்லை என்றிருந்தேன். மறுபடி குளிர்க்காய்ச்சல், கூடவே ஒரு பக்க விதைப்பையில் வீக்கம், நடக்க முடியாத வலி. ஆண்களே, வெட்கத்தை ஓரங்கட்டிவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். விதை முறுக்கிக்கொண்டாலும் இப்படித்தான் வலிக்கும்; அதற்கு 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். எனக்கு ஸ்கேனில் முறுக்கு இல்லை என்று தெரிந்தது. ஓய்வு, வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம், விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, அவ்வளவுதான் வைத்தியம்.

தடுப்பூசி போடாத, பருவமெய்திய ஆண்களில் 30 சதவீதம் வரை இப்படி ஆகலாமாம். விதை ஓரளவு சுருங்கக்கூடும், ஆனால் குழந்தையே பிறக்காமல் போவது அரிது என்று ஸ்கேன் பார்த்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இதை முதல் மருத்துவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். காது கேட்காமல் போவது, மூளை உறை அழற்சி, கணைய அழற்சி ஆகியவையும் வரலாம் என்பதால் கடும் தலைவலியையோ வயிற்று வலியையோ அலட்சியப்படுத்த வேண்டாம்.

அடுத்தது தங்கையின் தடுப்பூசி. பழைய அட்டை இல்லாமல் போட முடியாது என்றார் தடுப்பூசி போடும் இடத்தில் மேசையில் இருந்தவர். தேடி எடுத்துப் போனோம். மடிப்பில் கிழிந்து, மை வெளுத்து, ‘தட்டம்மை’ என்ற ஒரு வரி மட்டும் தெரிந்தது. “அதுதான் போட்டிருக்கிறதே, போதும்” என்று திருப்பி அனுப்பினார். தட்டம்மைக்கு மட்டும் போட்ட ஊசி பொன்னுக்கு வீங்கியை எப்படித் தடுக்கும்? தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கு மட்டும் போடும் ஊசியும் தடுக்காது. மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது எம்.எம்.ஆர்.

மருத்துவரிடமே போய் எழுதி வாங்கினோம்: “பதிவு இல்லை, போடாதவராகக் கருதி 2 தவணை, குறைந்தது 28 நாள் இடைவெளி.” சீட்டை நீட்டியதும் மேசை வாயடைத்தது. முன்பே போட்டிருந்தாலும் கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை; அதனால் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வா என்று அலைக்கழித்தால் மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பையும் தள்ளிப்போட வேண்டும்.

என்னிடமிருந்து நோய் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இந்த ஊசி அதைத் தடுக்காது. அதனால் 25 நாள் வரை தங்கையின் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் வரவில்லை. புது அட்டையில் தேதி, ஊசிமருந்தின் தொகுப்பு எண், முத்திரை மூன்றையும் கேட்டு வாங்கி, கைபேசியில் படமும் எடுத்தாயிற்று.