ஐயாயிரம் பேர் உள்ள ஊரில் ஆயிரத்து முந்நூறு பெண்கள்

துணை சுகாதார நிலையத்துக்கு வருடத் திட்டம் போட உட்கார்ந்தால் கை முதலில் போவது கர்ப்பிணிப் பதிவேட்டுக்குத்தான். கணக்கு அங்கேயே சுருங்கிவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள், மகளிர் குழு நடத்துபவர்கள் எல்லோரும் அதற்கு ஒரு படி முன்னால், குழந்தை பெறும் வயதிலுள்ள எல்லாப் பெண்களின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக இந்தப் பதிவு.

சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5000 மக்கள். சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலைப்பகுதியில் 3000. குழந்தை பெறும் வயது என்று சுகாதாரக் கணக்கில் எடுத்துக்கொள்வது 15 முதல் 49 வரை. அந்த வயதுப் பெண்கள் மொத்த மக்களில் ஏறக்குறைய கால்பங்கு. திட்டம் போட 26 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5000 பேருக்கு 1300 பெண்கள்.

இனி பிரசவக் கணக்கு. பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14 என்றால் வருடத்துக்கு 70 குழந்தைகள். கரு கலைவது, இறந்து பிறப்பது இவற்றுக்காக 10 சதவீதம் கூட்டினால் 77 கர்ப்பம். ஏதாவது ஒரு நாளில் பதிவேட்டைத் திறந்தால் இதில் பாதி, அதாவது 38 பெயர் நடப்பில் இருக்க வேண்டும். 77 பேரில் 15 சதவீதம், 11 அல்லது 12 பேருக்கு, ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு, பிரசவம் நகராமல் நிற்பது என்று ஏதோ ஒரு சிக்கல் வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் 108 வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மலைக் கிராமத்தில் மருந்துப் பட்டியலைவிட முக்கியமாகிவிடுகிறது.

பதிவேட்டில் 38-க்குப் பதில் 25தான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு நர்ஸம்மாவைத் திட்ட வேண்டாம். இந்த இரண்டு மாவட்டத்திலும் அடிக்கணக்கே ஆடும். பென்னாகரம், ஊத்தங்கரை பக்கம் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் ரேஷன் கார்டில் இருப்பார்கள், வீட்டில் இருக்க மாட்டார்கள். ஓசூரில் நேர் எதிர்: கம்பெனி ஹாஸ்டலில் இருபது வயதுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், எந்தக் கிராமப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். இவர்களுக்குக் கர்ப்பப் பராமரிப்பு பெரிதாகத் தேவைப்படாது. ரத்தசோகை, மாதவிலக்குக் கோளாறு, சிறுநீர்த் தொற்று இதெல்லாம் தேவைப்படும். ஷிப்டில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும்.

அடிக்கணக்கில் இன்னொரு ஆட்டம், பெண் சிசுக்கொலை, பெண் கருக்கொலை என்ற பழைய பாவத்திலிருந்து வருவது. 2001 கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் பிள்ளைகளுக்கு 826 பெண் பிள்ளைகள்தான். 2011-ல் அது 913 ஆனது. அந்த 826-ல் இருந்தவர்கள்தான் இன்று இருபதுகளின் நடுவிலும் கடைசியிலும் இருக்கும் பெண்கள். எனவே இந்த மாவட்டத்தில் 26 சதவீதம் என்பதை அந்த வயதுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. வீட்டுக்கு வீடு எண்ணியதுதான் கணக்கு. தொட்டில் குழந்தைத் திட்டமெல்லாம் பேசி முடித்த கதை என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம்.

தாய்வீட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த வீட்டுக்குப் போனதும் அங்கே புதிதாகப் பதிவு செய்கிறார்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்). கணக்கில் கர்ப்பிணி இரண்டாகிறாள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை நடுவில் சிக்கிக்கொள்கிறது. 12 வாரத்துக்குள் வாங்கிய முதல் எண்ணையே கடைசிவரை கொண்டுபோக வேண்டும். அட்டையைத் தொலைத்தாலும் அந்த எண்ணை போனில் எழுதி வைத்திருந்தால் போதும்.

சரி, 1300-ல் 38 போக மீதி 1262 பேர். இவர்களுக்கு என்ன தேவை? முதலில் ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டால் ஏறக்குறைய 690 பேர். கர்ப்பம் இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் சோகை. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துப் பார்க்கும் வேலையே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

சோதனையிலேயே தப்பு நடக்கிறது. விரல் நுனியை நடுவில் குத்தினால் வலி அதிகம், ரத்தம் குறைவு. பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தக்கூடாது. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து, 10.5 இருப்பவருக்கு 9.5 காட்டும். கையைத் தொங்கவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் சூடாக்கினால் தானாக வரும். மீட்டரில் போடும் ஸ்ட்ரிப் டப்பாவை மழைக்காலத்தில் திறந்தே வைத்திருந்தால் அன்றைய நாள் எண்கள் எதையும் நம்ப முடியாது.

மாத்திரைக்கு வருவோம். 10-19 வயதுப் பெண்ணுக்கு வாரம் ஒன்று, நீல நிறம். 20-49 வயதில் கர்ப்பமும் இல்லை, பாலும் கொடுக்கவில்லை என்றால் வாரம் ஒன்று, சிவப்பு. இரண்டிலும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம். கர்ப்பிணிக்கு நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். சோகை உள்ள கர்ப்பிணிக்குத் தினம் இரண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய 180 நாள்தான் எல்லா ஊரிலும் ஓட்டை. குழந்தைக்கு ஊசி போட வரும் புதன்கிழமை அன்றே தாய்க்கு மாத்திரையும் கொடுத்துவிட்டால் ஓரளவு அடைபடும்.

சாப்பிட்டும் ஏறவில்லை என்ற புகாருக்கு இங்கே மூன்று காரணங்களைத் தேட வேண்டும். முதலாவது டீ. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எளிய வழி: கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது. குமட்டலும் தூக்கத்தில் தெரியாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். அதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது ராகி. ராகியில் கால்சியம் ஏராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். களியைக் கைவிடச் சொல்வது வீண் பேச்சு, யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. ராகியை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் காயவைத்து அரைத்தால் பைட்டேட் கணிசமாகக் குறையும். மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழும் அதே வேலையைச் செய்கிறது. கூடவே வைட்டமின் சி இருக்க வேண்டும்: எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, மாங்காய்ச் சீசனில் பச்சை மாங்காய். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி விலையில்லாமல் கொட்டிக் கிடக்கும் நாளில் தக்காளியை வதக்காமல் பச்சையாகவே ஒரு துவையல் அரைக்கலாம். வேகவைத்தால் வைட்டமின் சி குறைந்துவிடும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்: புளோரைடு. இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் அது அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டினால் பல்லில் காவி, எலும்பு வலி என்று எல்லோருக்கும் தெரியும். குடலின் உள்சவ்வையும் அது கெடுக்கும், இரும்பு உறிஞ்சுவது குறையும் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியதே புளோரைடுக்காகத்தான். ஆனால் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கிற வீடு உண்டு. குடிக்க ஒகேனக்கல், சமைக்க போர் என்று பிரித்த வீடும் உண்டு. சோற்றிலும் களியிலும் புளோரைடு போகும். காய்ச்சினால் போய்விடும் என்பது தவறு, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். கருவுற்ற பெண்ணுக்கு மாத்திரை ஏறவில்லை என்றால் நர்ஸம்மா கேட்க வேண்டிய கேள்வி, “சமைக்க எந்தத் தண்ணிம்மா?” குடிநீர் வாரிய ஆய்வகத்தில் அந்தப் போர் தண்ணீரைச் சோதித்து எண்ணை வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த மூன்றும் சரி, குடற்புழு மாத்திரையும் கொடுத்தாயிற்று, ஒரு மாதமாகியும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் தலசீமியா கூறு, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறுகள் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் அனுப்ப வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் ஊரில் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

கர்ப்பத்தின் பிற்பாதியில் 7-க்கும் 9-க்கும் இடையில் நிற்பவர்களுக்கு இரும்பு சுக்ரோஸ் டிரிப் உண்டு. அளவு இப்படி: எடையை 11-லிருந்து உள்ள குறைவால் பெருக்கி, 2.4-ஆல் பெருக்கி, 500 கூட்ட வேண்டும். 45 கிலோ, ஹீமோகுளோபின் 8 என்றால் 324 கூட்டல் 500, அதாவது 824 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 200 வீதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு தடவை. இரண்டு டிரிப் போட்டதும் உடம்பு தேறிய மாதிரி இருக்கும், அதோடு வராமல் நின்றுவிடுவார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்புக்கென்று கூட்டிய அந்த 500-ல் பெரும்பகுதி விடுபட்டுப் போகும்.

கருத்தடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லாமே ஆபரேஷனில் போய் முடிகிறது. இரண்டு குழந்தைக்கு நடுவில் இடைவெளிதான் பிரச்சினை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைக்கலாம், 380ஏ என்றால் 10 வருடம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. மாதவிலக்கு தப்பிப்போகும் என்று முன்பே சொல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கு யாரும் வர மாட்டார்கள். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இந்த மாற்றத்தில்தான் குழப்பம் வருகிறது, அட்டையில் கிழமையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த பெண் பதிவேட்டிலிருந்து காணாமல் போகிறாள். 26, 27 வயதில் முடித்தால் 49 வரை இருபது வருடத்துக்கு மேல் அவளுக்கென்று யாரும் கதவைத் தட்டுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்; சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீடு தேடி வருகிறார்கள். அதே வருகையில் மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று இரண்டு கேள்வி கேட்டால் பாதி ரத்தசோகைக்குக் காரணம் தெரிந்துவிடும். அதிகப் போக்குக்கு மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் இருக்கிறது. தைராய்டு, ஸ்கேன் பார்க்காமல் முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற பேச்சுக்கு இடமே கொடுக்கக்கூடாது.

30 வயதானதும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேல் சோதனை தேவை என்று அர்த்தம். மாதவிலக்கு நாளில் போகக்கூடாது. முந்தைய நாள் உடலுறவும் இரண்டு நாளாக உள்ளே வைக்கும் மருந்தும் இருக்கக்கூடாது. மாதவிலக்கு அடியோடு நின்ற வயதில், பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இந்த முறையில் சரியாகத் தெரியாது. எனவே 45 தாண்டியும் ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களின் பெயரை முதலில் எழுதிக்கொண்டு கூப்பிட வேண்டும்.