லைன் ஃபாலோயரும் சிஸ்டம் அனாலிசிஸும்: ரிப்போர்ட்டுக்கு முன்னால் அளக்க வேண்டியவை

ரோபோட்டிக்ஸ் பாடத்துக்கு லைன் ஃபாலோயர், அதாவது தரையில் ஒட்டிய கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோ; சிஸ்டம் அனாலிசிஸ் பாடத்துக்கு டேட்டா ஃப்ளோ வரைபடம், அதாவது எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புகளால் காட்டும் படம். இரண்டும் ஒரே செமஸ்டரில் வந்தாலும் பெரும்பாலான மாணவர்கள் இவற்றை வெவ்வேறு நோட்டில்தான் வைத்திருக்கிறார்கள். ரோபோ ஒருவழியாக ஓடி முடித்ததும் ரிப்போர்ட்டுக்கு என்று ஒரு வரைபடம் வரைந்து சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. வரிசை தலைகீழாக இருக்கிறது. லைன் ஃபாலோயரில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி எந்தப் பாகத்துக்குள்ளும் உட்கார்ந்திருப்பதில்லை. சென்சார் நன்றாக இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், நிரலும் சரியாக இருக்கும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில்தான் சிக்கல் இருக்கும். அந்தச் சேருமிடங்களைக் கண்ணுக்குத் தெரியவைக்கத்தான் சிஸ்டம் அனாலிசிஸ். அதை முதலில் செய்தால் ரோபோவும் சீக்கிரம் ஓடும், ரிப்போர்ட்டில் எழுதவும் விஷயம் கிடைக்கும்.

வழக்கமான பாகங்களையே எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ யூனோ (நிரலை இயக்கும் சிறு போர்டு) ஒன்று, ஐந்து அகச்சிவப்பு சென்சார் கொண்ட பட்டை, மஞ்சள் நிற பிஓ மோட்டார் (பல்சக்கரம் சேர்ந்த சிறு மோட்டார்) இரண்டு, 65 மிமீ சக்கரம், முன்னால் ஒரு கேஸ்டர் (எப்பக்கமும் திரும்பும் சிறு சக்கரம்), மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் டிரைவர், 18650 எனப்படும் லித்தியம் செல் இரண்டு. பாதைக்கு 19 மிமீ அகல கறுப்பு இன்சுலேஷன் டேப்.

முதலில் மின்சாரம். சிறிய சதுர 9 வோல்ட் பேட்டரியில் இந்த வண்டி ஓடாது. அதன் உள்மின்தடை அதிகம். இரண்டு மோட்டாரும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். ஆனால் பார்ப்பவருக்கு அது ரீசெட் என்று தெரியாது. “நிரல் பாதியில் நிற்கிறது” என்றுதான் தோன்றும். இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. நிரலின் தொடக்கப் பகுதியில் 13ஆம் பின்னில் உள்ள எல்இடி மூன்று முறை வேகமாக மின்னும்படி எழுதிவிடுங்கள். ஓட்டத்தின் நடுவில் அது மின்னினால் பிரச்சினை மின்சாரத்தில். மின்னாவிட்டால் நிரலில் தேடுங்கள்.

18650 இரண்டைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 8.4 வோல்ட், சராசரியாக 7.4. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போக விடக் கூடாது. டிரைவர் எல்298என் என்றால் அதற்குள்ளேயே கிட்டத்தட்ட 2 வோல்ட் போய்விடும், பழைய வகை டிரான்சிஸ்டர் அமைப்பு அது. 6 வோல்ட் பேட்டரி பெட்டி வைத்துவிட்டு “மோட்டாருக்கு வலு இல்லை” என்று புலம்புவதற்கு இதுதான் காரணம். டிபி6612 டிரைவரில் இழப்பு மிகக் குறைவு. ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியர் தாங்கும், இந்த மோட்டாருக்குப் போதும். அதன் ஸ்டாண்ட்பை பின்னை 5 வோல்ட்டுடன் இணைக்க மறந்தால் மட்டும் எதுவுமே அசையாது.

அடுத்தது கிரவுண்ட். பேட்டரியின் மைனஸ், டிரைவரின் கிரவுண்ட், ஆர்டுயினோவின் கிரவுண்ட் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட்டை எதோடு ஒப்பிடுவது என்று டிரைவருக்குத் தெரியாது. வண்டி ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நடுங்கும், கை வைத்தால் சரியாகும். இப்படி மனம்போன போக்கில் நடக்கும் எந்தக் கோளாறுக்கும் முதலில் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து கிரவுண்டைச் சோதியுங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்தால் மோட்டாருக்குள் இருக்கும் பிரஷ் எழுப்பும் மின்னிரைச்சல் குறையும். பிஓ மோட்டாரின் செப்புக் காது மெல்லியது, வயரை இழுத்தால் பிய்ந்துவிடும். சால்டர் செய்த கையோடு குளூ கன்னால் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள்.

சென்சார் பட்டையில் பலரும் கவனிக்காதது உயரம். டிசிஆர்டி5000 வகைக்குத் தரையிலிருந்து சுமார் 2.5 மிமீ தூரத்தில்தான் பிரதிபலிப்பு உச்சத்தில் இருக்கும். வண்டியைக் கையால் தள்ளும்போது 3 மிமீ இருந்த உயரம் ஓடும்போதும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பேட்டரி பெட்டியைப் பின்னால் வைத்திருந்தால் கிளம்பும் நொடியில் முன்பக்கம் தூக்கும், சென்சார் அளவு மாறும், பிஐடி (விலகலைப் பார்த்து மோட்டார் வேகத்தைத் திருத்தும் கணக்கு) அதைக் கோடு விலகியதாக எண்ணித் திருத்தப் போகும். பேட்டரியை அச்சுக்கும் கேஸ்டருக்கும் நடுவே நகர்த்தினாலே இது தீர்ந்துவிடும். சென்சார்களுக்கு இடையிலான தூரம் டேப்பின் அகலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் கோடு இரண்டு சென்சாருக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால், ஓட்டம் நடக்கும் அறையிலேயே, அந்த நேரத்திலேயே கேலிப்ரேஷன் செய்ய வேண்டும். மூன்று நான்கு நொடி வண்டியைக் கோட்டின் மேல் இடவலமாக ஆட்டி, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, கூடிய அளவுகளைப் பதிந்து, 0 முதல் 1000 வரை மாற்றிக்கொண்டால் போதும். எடையிட்ட சராசரி எடுத்தால் ஐந்து சென்சாருக்குக் கோட்டின் இடம் 0 முதல் 4000 வரை வரும், நடு 2000. நடுவிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே பிழை.

இனி நேரத்துக்கு வருகிறேன். என் கருத்தில் இந்தப் பாடம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஒரு அனலாக் பின்னைப் படிக்க யூனோ ஏறக்குறைய 0.1 மில்லி நொடி எடுக்கும். ஐந்து சென்சாருக்கு அரை மில்லி நொடி, கணக்குக்கும் கொஞ்சம் சேர்த்தால் நிரலின் ஒரு சுற்று சுமார் 1 மில்லி நொடி. இப்போது சென்சார் அளவுகளைப் பார்க்க வேண்டும் என்று சுற்றுக்கு ஒருமுறை சீரியல் பிரிண்ட் (கணினித் திரைக்கு எழுத்து அனுப்பும் கட்டளை) போடுகிறீர்கள், நொடிக்கு 9600 பிட் போகும் 9600 பாட் வேகத்தில். அந்த வேகத்தில் ஓர் எழுத்து போக சுமார் 1 மில்லி நொடி ஆகும். வரிக்கு 30 எழுத்து என்றால் 31 மில்லி நொடி. அனுப்ப வேண்டிய எழுத்துகள் காத்திருக்கும் 64 பைட் பஃபர் நிரம்பிய பிறகு நிரல் அங்கேயே காத்து நிற்கும். வண்டி நொடிக்கு 40 செமீ வேகத்தில் போனால் இந்த 31 மில்லி நொடியில் 12 மிமீ நகர்ந்திருக்கும். டேப்பின் மொத்த அகலமே 19 மிமீ. பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது வண்டி.

இதைவிடப் பெரிய சிக்கல் பிறகு வருகிறது. பிரிண்ட் இருக்கும்போதே பிஐடியின் எண்களான கேபி (பிழையின் அளவுக்கேற்பத் திருத்துவது), கேடி (பிழை மாறும் விதத்தைப் பார்ப்பது) எல்லாம் பொறுமையாகச் சரிசெய்து வண்டி ஒழுங்காக ஓடுகிறது. ரிவ்யூவுக்கு முந்தின இரவு “நிரலைச் சுத்தம் செய்கிறேன்” என்று பிரிண்ட் வரிகளை நீக்குகிறார்கள். காலையில் வண்டி பாம்புபோல் நெளிகிறது. யாரும் பிஐடியைத் தொடவில்லை, ஆனாலும் பிஐடி மாறிவிட்டது. கேடி என்பது இந்தச் சுற்றின் பிழைக்கும் போன சுற்றின் பிழைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்குகிறது. சுற்று 31 மில்லி நொடியிலிருந்து 1 மில்லி நொடிக்குச் சுருங்கினால் அந்த வித்தியாசமும் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிவிடும். நெளிவை அடக்கி வைத்திருந்த கேடி இப்போது இருந்தும் இல்லாததுபோல்தான். பிழைகளைக் கூட்டிக்கொண்டே போகும் மூன்றாவது எண்ணான கேஐ போட்டிருந்தால் அது நேர் எதிராக, முப்பது மடங்கு வேகமாகச் சேரும்.

மருந்து எளிது. கட்டுப்பாட்டுச் சுற்றை 5 மில்லி நொடிக்கு ஒருமுறை மட்டும் ஓடும்படி மைக்ரோஸ் (நேரம் சொல்லும் கட்டளை) கணக்கு வைத்துப் பூட்டுங்கள். பிரிண்டை 115200 பாடில், 100 மில்லி நொடிக்கு ஒருமுறை வையுங்கள். நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே என்ற வார்த்தை கட்டுப்பாட்டுப் பகுதியில் எங்குமே இருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் ட்யூனிங்: அடிப்படை பிடபிள்யூஎம் (மோட்டார் வேகத்தைக் குறிக்கும் 0 முதல் 255 வரையிலான எண்) 100, கேபி 0.05, மற்ற இரண்டும் பூஜ்ஜியம். பிழை அதிகபட்சம் 2000 என்பதால் முழு விலகலில் திருத்தம் 100 வரும். ஒரு சக்கரம் நிற்கும், மற்றது இருமடங்கு வேகத்தில் சுற்றும். நேர்ப்பாதையில் லேசாக ஆடத் தொடங்கும்வரை கேபியை ஏற்றி, கொஞ்சம் இறக்கி, கேபியைப்போல் பத்து மடங்கில் கேடியைத் தொடங்குங்கள். கேஐ பெரும்பாலும் தேவைப்படாது. ஒவ்வொரு சோதனையிலும் பேட்டரி வோல்டேஜை எழுதி வைப்பது முக்கியம், 8.2 வோல்ட்டில் பிடித்த எண்கள் 7.1 வோல்ட்டில் அதே வண்டிக்குப் பொருந்தாது.

தடை கண்டு நிற்க அல்ட்ராசோனிக் சென்சார் சேர்ப்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளையின் இயல்பான காத்திருப்பு வரம்பு 1 நொடி. எதிரே எதுவும் இல்லாதபோதுதான் அது அதிகம் காத்திருக்கும், அதாவது வண்டி நன்றாக ஓட வேண்டிய நேரத்தில். ஒரு மீட்டர் வரை பார்த்தால் போதும் என்றால் வரம்பை 6000 மைக்ரோ நொடியாகக் குறையுங்கள். அளவீட்டை 60 மில்லி நொடிக்கு ஒருமுறை வையுங்கள். சர்வோ மோட்டாரும் சேர்த்தால் இன்னொன்று: யூனோவில் சர்வோ லைப்ரரியைச் சேர்த்ததும் 9, 10ஆம் பின்களில் பிடபிள்யூஎம் வேலை செய்யாது. மோட்டார் வேகத்தை அங்கே கொடுத்திருந்தால் “சர்வோ சேர்த்ததும் வலது சக்கரம் செத்துவிட்டது” என்று தோன்றும்.

இங்கேதான் சிஸ்டம் அனாலிசிஸ் நோட்டைத் திறக்க வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு அட்டவணையில் முன்கூட்டியே தெரிந்திருக்கும். எங்கிருந்து, எங்கே, என்ன போகிறது, அலகு என்ன, வரம்பு என்ன, எத்தனை மில்லி நொடிக்கு ஒருமுறை, வராவிட்டால் என்ன ஆகும் என்று ஏழு பத்தி (நெடுவரிசை). டேட்டா ஃப்ளோ வரைபடத்தில் உள்ள ஒவ்வோர் அம்புக்கும் அட்டவணையில் ஒரு வரி. கடைசி நான்கு பத்திகளைக் காலியாக விடுபவர்கள்தான் அதிகம், ஆனால் கோளாறுகள் வரிசையாக அங்கேதான் இருக்கின்றன. அலகுப் பத்தியை அலட்சியம் செய்ததன் விலை 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை-நொடியில் கொடுத்ததை இன்னொன்று நியூட்டன்-நொடியில் எடுத்துக்கொண்டது; விண்கலம் தொலைந்தது.

சிஸ்டத்தோடு வெளியிலிருந்து தொடர்புகொள்பவற்றைக் காட்டும் சூழல் வரைபடத்தில் மாணவர்கள் பயனரையும் ரோபோவையும் மட்டும் வரைகிறார்கள். தரை, வெயில், பேட்டரி மூன்றையும் வெளிப்பொருளாக வரையுங்கள். மூன்றும் சிஸ்டத்துக்குள் ஏதோ ஒன்றை அனுப்புகின்றன, மூன்றும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

வண்டி எந்த நிலையிலிருந்து எப்போது எந்த நிலைக்குப் போகும் என்று சொல்லும் நிலை மாற்ற அட்டவணை இன்னும் பயனுள்ளது. பின்தொடர்தல், கோடு தொலைந்தது, சந்திப்பு, நிறுத்தம் என நான்கு நிலை. ஐந்து சென்சாரும் வெள்ளை என்றால் சராசரியின் வகுக்கும் எண் பூஜ்ஜியமாகிவிடும், கிடைக்கும் விடைக்கு அர்த்தமில்லை. கடைசியாகக் கோடு இருந்த பக்கம் திரும்ப வேண்டும், அரை நொடியில் கிடைக்காவிட்டால் நிற்க வேண்டும். ஐந்தும் கறுப்பு என்றால்? சந்திப்பாக இருக்கலாம். யாரோ வண்டியைக் கையில் தூக்கியதாகவும் இருக்கலாம், ஏனென்றால் காற்றில் பிரதிபலிப்பே இல்லை. இரண்டையும் சென்சாரால் பிரிக்க முடியாது, நேரத்தால் பிரிக்கலாம். 19 மிமீ டேப்பைக் குறுக்கே கடக்க இந்த வேகத்தில் 50 மில்லி நொடிக்குள்தான் ஆகும். 150 மில்லி நொடிக்கு மேல் கறுப்பாகவே இருந்தால் மோட்டாரை நிறுத்திவிடலாம். வைவாவில் இந்த ஒரு வரியை விளக்க முடிந்தால் இரண்டு பாடமும் புரிந்திருக்கிறது என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

ஆன்லைனில் பாடம் நடக்கும் இடங்களில் டிங்கர்கேட், வொக்வி என்ற இணைய சிமுலேட்டர்கள்தான் ஆய்வகம். நிலை மாற்றங்களையும் நிரலின் தர்க்கத்தையும் சோதிக்க இவை நல்ல கருவிகள். ஆனால் பேட்டரி சோர்வது, தரை பளபளப்பது, வண்டி முன்பக்கம் தூக்குவது எதுவும் அங்கே வராது. ஆகவே ரிப்போர்ட்டில் சிமுலேஷன் முடிவு என்று எழுதும்போது இணைப்பு அட்டவணையின் எந்தெந்த வரிகள் சோதிக்கப்பட்டன, எவை சோதிக்கப்படவில்லை என்று சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் குறையாது, கூடும்.

கடைசியாகப் பிரதிபலிப்புக் குறிப்பு. பல கல்லூரிகள் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு படிச் சுழற்சியைத் தலைப்புகளாகக் கொடுக்கின்றன: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த திட்டம். “குழுவாக வேலை செய்யக் கற்றோம், நேர மேலாண்மை புரிந்தது” என்று எழுதினால் ஆறு தலைப்பும் நிரம்பிவிடும், யாருக்கும் பயனில்லை. அதற்குப் பதில் ஒரு கோளாறை மட்டும் எடுத்து இப்படி எழுதலாம்:

“பிரிண்ட் நீக்கியதும் நேர்ப்பாதையில் ஆட்டம். பேட்டரி 7.9 வோல்ட், மாற்றமில்லை. கேலிப்ரேஷன் மறுபடி செய்தோம், மாற்றமில்லை. சுற்று நேரம் அளந்தோம்: முன்பு 32 மில்லி நொடி, இப்போது 1. சுற்றை 5 மில்லி நொடியில் பூட்டி கேடியை மீண்டும் பிடித்தோம், ஆட்டம் நின்றது. இணைப்பு அட்டவணையில் சென்சாரிலிருந்து கட்டுப்பாட்டுக்குப் போகும் வரியில் ‘எத்தனை மில்லி நொடிக்கு’ என்ற இடம் காலியாக இருந்தது. இனி அதை நிரப்பாமல் ட்யூனிங் தொடங்கமாட்டோம்.”

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், மாற்றம் இல்லாததையும் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த மாதிரி மூன்று குறிப்பு இருந்தால் ரிப்போர்ட்டின் பகுப்பாய்வு அத்தியாயம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. ஆனால் குறிப்பை அன்றன்றே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தால் கேபி எவ்வளவு இருந்தது என்பது குழுவில் ஒருவருக்கும் நினைவிருக்காது. நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்து, குறிப்பில் அந்தக் கோப்பின் பெயரையும் எழுதி வையுங்கள்.