எட்டாம் நம்பர் ஊசியும் ஐம்பது கிராம் கவரும்

"இதுல ஒத்தைக் கம்மல்தான் இருக்கு, ஜோடி எங்கே சிஸ்?"

2021 ஜூனில் நான் இன்ஸ்டாகிராமில் போட்ட முதல் படத்துக்கு வந்த முதல் கேள்வி இது. படத்தில் இருந்தது கம்மலே இல்லை, ஸ்டிச் மார்க்கர். ஸ்வெட்டரோ சால்வையோ பின்னும்போது வரிசை எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் கண்ணி குறைக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக ஊசியில் மாட்டிக்கொள்ளும் சின்ன வளையம். அழகுக்காக அதில் ஒரு மணியைத் தொங்கவிட்டிருந்தேன். ஒரு துண்டு நூலைக் கட்டியும் அதே வேலையை முடிக்கலாம். என் அம்மா இன்றுவரை அப்படித்தான் செய்கிறார். குன்னூரில் கான்வென்ட் பள்ளியில் பின்னல் கற்றவர், "இதுக்கெல்லாமா காசு குடுப்பாங்க?" என்பது அவருடைய கேள்வி.

நான் இருப்பது கோவையில். இந்த வெயிலில் உல்லன் நூலைத் தொடவே யாருக்கும் மனம் வராது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பின்னுகிறவர்கள் ஊட்டியிலும் கோத்தகிரியிலும் பெங்களூரிலும் டேராடூனிலும் ஷில்லாங்கிலும் இருந்தார்கள். அவர்களை இன்ஸ்டாகிராமில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர்களுக்குச் சரியான வளையம் செய்யத்தான் ஒரு வருடம் ஆனது.

டவுன்ஹால் பக்கம் மணிக்கடையில் ஜம்ப் ரிங் (முனைகள் ஒட்டாத சின்னக் கம்பி வளையம்) என்று கேட்டால் பொட்டலம் பொட்டலமாகக் கொடுப்பார்கள். கிராம் கணக்கில் விலை, மலிவு. ஐந்து மார்க்கர் கொண்ட செட்டை 120 ரூபாய்க்கு விற்றேன். முதல் மாதம் பதினோரு செட் போனதும் தலைகால் புரியவில்லை. அப்புறம் கோத்தகிரியிலிருந்து ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற டீச்சர். உள்ளே என்னுடைய வளையம் ஒன்றும், அதில் சிக்கிய மோஹேர் என்ற பூப்போன்ற ஆட்டுமயிர் நூலின் ஒரு இழையும் இருந்தன. கூடவே ஒரு சீட்டு: "கண்ணு, வளையத்தோட வாய் மூடலை. நூல் மாட்டிக்கிது. பாத்துக்கோ."

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான். ஆனால் மோஹேருக்கு அது போதும், இழை உள்ளே நுழைந்துவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதுவரை நான் வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்துத் திறந்துகொண்டிருந்தேன். அப்படித் திறந்தால் வட்டம் கோணிவிடும், திரும்ப முழுசாக மூடாது. இரண்டு குறடு எடுத்து, ஒரு முனையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருகித் திறக்க வேண்டும், அதே போலத் திருகி மூட வேண்டும். இது தெரிந்த பிறகும் நூற்றுக்கு நாலைந்து வளையம் சிக்கியது. கடைசியில் பற்றவைத்த வளையம்தான் வழி என்று ஒரு நகைப் பட்டறைக்குப் போனேன். கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? பத்தர் என் பித்தளை வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தங்கத்துக்கு இவ்வளவு பாடுபட்டா சரி, இதுக்கு ஏம்மா?" என்றார். ஆனாலும் இருநூறு செய்து கொடுத்தார். இப்போது பாதி அவரிடமிருந்து வருகிறது. மீதியை, நைலான் பூசிய மெல்லிய எஃகுக் கம்பியை மடக்கி, கம்பியைப் பிடித்து நிறுத்தும் கிரிம்ப் மணி ஒன்றை நடுவில் நசுக்கி நானே செய்கிறேன். அதில் வாயே கிடையாது.

சோதனைக்கு அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். 80களில் வாங்கியது. ஒவ்வொரு வளையத்தையும் அதன் மேல் இழுத்துப் பார்ப்பேன். சொரசொரப்பு இருந்தால் நைலக்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சேலையில் இப்போது உடுத்த ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த அடி அளவில் விழுந்தது. பெங்களூரில் ஒருவர் "எட்டாம் நம்பர் ஊசிக்கு வேண்டும்" என்று எழுதினார். எங்கள் வீட்டில் எட்டாம் நம்பர் என்றால் 4 மி.மீ. அனுப்பினேன். ஊசியில் ஏறவே இல்லை என்று படம் போட்டார். அவர் பின்னிக்கொண்டிருந்தது அமெரிக்க பேட்டர்ன், அவருடைய எட்டு 5 மி.மீ. நம் அம்மாக்கள் சொல்வது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும், எட்டு 4 மி.மீ. என்றால் பத்து 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர், எண் ஏற ஏற ஊசி பருக்கும், அங்கே பத்து என்றால் 6 மி.மீ. போதாக்குறைக்கு, கடையில் '6 மி.மீ. ரிங்' என்று தருவது வெளி விட்டத்தை வைத்து. கம்பி 0.8 மி.மீ. என்றால் உள்ளே 4.4தான். அது நான்கில் ஏறும், ஐந்தில் எங்கே ஏறும்? அன்று முதல் நம்பர் பேச்சையே விட்டுவிட்டேன். அட்டையில் உள் விட்டத்தை மி.மீ.யில் அச்சடிக்கிறேன், 'இந்த அளவு வரையுள்ள ஊசிக்கு' என்று கீழே ஒரு வரி. படத்தில் எப்போதும் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் கிடக்கும். பார்க்க அழகாக இல்லை என்று தங்கை சொல்கிறாள். திரும்பி வரும் பொட்டலங்கள் குறைந்திருக்கின்றன, எனக்கு அது போதும்.

ஒற்றைக் கம்மல் கேள்வி மட்டும் நிற்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் அதே மணியில் காதுக் கொக்கி மாட்டி ஜோடியாகப் போட்டேன். மார்க்கரைவிட வேகமாகப் போனது! இப்படித்தான் நகை உள்ளே வந்தது, திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. இரண்டு பேருக்குக் காது அரித்தது. விலை குறைந்த கொக்கிகளில் நிக்கல் முலாம், வியர்வை பட்டால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சர்ஜிக்கல் ஸ்டீலுக்கு மாறினேன். அதிலும் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே கசிவது மிகக் குறைவு. ஆகவே 'நிக்கல் இல்லாதது' என்று நான் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

சால்வை நழுவாமல் குத்திக்கொள்ளும் சால்வை ஊசியும் விற்கிறேன், அது வந்த கதை வேறு. பொள்ளாச்சியில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. அங்கே கொட்டாங்குச்சி மலையாகக் குவிந்து கிடக்கும், கரி சுடுவதற்குப் போகும். முற்றிய காயின் ஓடாகப் பார்த்து ஒரு சாக்கு எடுத்து வந்தேன். சின்ன ரம்பத்தால் வளைவாக அறுத்து, 80ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220, 400 என்று தேய்த்து, கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி. கருப்புக் கல் மாதிரி மின்னும். தூசிதான் கொடுமை. முகக்கவசம் இல்லாமல் தேய்த்த முதல் வாரம் முழுக்க இருமினேன். அத்தை, மாமியார்தான், என் கையிலிருந்து உப்புத்தாளைப் பிடுங்கி மாடியில் கொண்டுபோய் வைத்தார். பட்டறை அப்படித்தான் மாடிக்குப் போனது.

தபால் விஷயம் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. அப்போதைய ஸ்பீட் போஸ்ட் கட்டணப்படி 50 கிராமுக்குள் இருந்தால் இந்தியாவில் எந்த வெளியூருக்கும் வரியோடு 41 ரூபாய் 30 காசு. அதைத் தாண்டினால் தூரக்கணக்கு வந்துவிடும், ஷில்லாங்குக்கு 82 ரூபாய் 60 காசு. நான் அழகான அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கோல் மாதிரிக் காகிதம், நன்றி அட்டை என்றெல்லாம் வைத்து 57 கிராமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த அண்ணன்தான் ஒருநாள், "ஏழு கிராமுக்கு நாப்பது ரூவா குடுக்கறீங்களே மேடம்" என்றார். அன்று சாயங்காலமே சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பெட்டி மட்டும் 22 கிராம். இப்போது தடித்த அட்டையில் வளையங்களைத் தைத்து, துணிக் கவரில் போட்டுவிடுகிறேன். பெட்டி இல்லையே என்று வருத்தப்பட்டவர் இதுவரை ஒருவர்தான். நகைக்கு இது சரிப்படாது, அது நசுங்கும், அதற்குப் பெட்டிதான்.

பணம் வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை, யுபிஐ. ஒருமுறை மட்டும் பணம் போட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவரை நம்பி நகையை அனுப்பி ஏமாந்தேன். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்காமல் இப்போது கவரை ஒட்டுவதில்லை. கேஷ் ஆன் டெலிவரியைத் தொடவே இல்லை.

2022இல் வெளிமாநில ஆர்டர்கள் பாதிக்கு மேல் ஆனபோது ஆடிட்டரிடம் போனேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நான் அந்தத் தொகையின் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, அதற்குப் பொருள் அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும், எவ்வளவு சின்னப் பொட்டலமானாலும் ஈவே பில், அதாவது சரக்கு அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் சீட்டு, போட வேண்டும். 200 ரூபாய்ப் பொட்டலத்துக்கு ஈவே பில்லா? "பேசாம பதிவு பண்ணிடுங்கம்மா" என்றார் ஆடிட்டர். பண்ணினேன். இடத்துக்கு ஆதாரமாக மின் கட்டண ரசீது கேட்டார்கள், அது இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. விண்ணப்பம் கேள்வியோடு திரும்பியது. வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் சேர்த்து, மாமா முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்: மாடி அறையில் மருமகள் வியாபாரம் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி என்னைக் கேட்டா செஞ்ச?" என்றார். அத்தை சிரித்தது கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமில் நான் செய்தது முட்டாள்தனம். தேடலில் முதலில் வந்த தளத்தில் எல்லாம் நிரப்பி 1,999 ரூபாய் கட்டினேன். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். சான்றிதழ் வந்ததென்னவோ உண்மைதான், அந்த ஆள் அரசுத் தளத்தில் போய் என் விவரத்தை நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

விலையை ஏற்றியது 2023இல். ஒரு செட் செய்ய நாற்பது நிமிடம் ஆகிறது, பொருள் செலவு 60 ரூபாய் என்று எழுதிப் பார்த்த பிறகு 120ஐப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. 280 ஆக்கினேன். எவ்வளவு பேர் விட்டுப் போவார்களோ என்று இரண்டு நாள் போனையே திறக்கவில்லை. கோத்தகிரி டீச்சர் மட்டும், "இப்பவாச்சும் ஏத்துனியே" என்று எழுதியிருந்தார்.

வெளிநாடு என்பது ஆசைப்பட்டு எடுத்த வேலை. ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணுக்கு 500 ரூபாய், வரி கட்டாமல் அனுப்புவதற்கு ஜிஎஸ்டியில் வருடாவருடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம். இரண்டும் ஆன்லைனிலேயே முடிந்தன. 'கிஃப்ட்னு எழுதிடுங்க' என்று யோசனை சொன்னவர்கள் பலர். விற்பனையை அன்பளிப்பு என்று எழுதுவது பொய், பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நான். 2024இல் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் சேர்த்து மாதம் பதினைந்து கவர் போனது. அந்த டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருள் பாதுகாப்பு விதி வந்தது. அங்கேயே இருக்கும் ஒருவர் என் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டுமாம். ஐந்து வளையத்துக்குப் பொறுப்பாளியை எங்கே தேடுவது? ஐரோப்பாவை மூடினேன்.

மிச்சமிருந்தது அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் கடைசியில் அதுவும் நின்றது. 800 டாலருக்குக் குறைந்த பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை ஆகஸ்ட் 29 முதல் அவர்கள் எடுத்துவிட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்பே நம் தபால் துறை அங்கே போகும் பொட்டலங்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. கவுண்டர் அண்ணன் என் ஆறு கவரையும் திருப்பிக் கொடுத்து, "எப்ப எடுப்பாங்கன்னு எங்களுக்கே தெரியலைங்க" என்றார். பின்னுகிறவர்கள் கிறிஸ்துமஸ் வேலையைத் தொடங்கும் நேரம் அது. ஆறு பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன், பணம் திரும்ப வேண்டுமா, காத்திருப்பீர்களா என்று. நான்கு பேர் காத்திருக்கிறோம் என்றார்கள்.

அக்டோபர் 15இல் மறுபடி எடுத்தார்கள். அப்போது, அறிவித்த விலையில் பாதியை வரியாக இங்கேயே, கவுண்டரிலேயே கட்ட வேண்டியிருந்தது. 1,200 ரூபாய்ப் பொருளுக்கு 600. காத்திருந்த நான்கு பேருக்கும் அந்த வரியை நானே போட்டு அனுப்பினேன். அந்த மாதம் லாபம் என்று ஒன்றும் கையில் நிற்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் வரியையும் சேர்த்தே விலை சொல்கிறேன், பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

ரத்தான இரண்டு செட்டில் ஒன்று ஷில்லாங் போனது. இன்னொன்றை அம்மா எடுத்துக்கொண்டார். ஸ்வெட்டர் பின்னும்போது இன்னும் நூல் துண்டைத்தான் கட்டுகிறார். என் வளையங்கள் ஐந்தும் அவருடைய பீரோ சாவிக்கொத்தில் தொங்குகின்றன.