சுண்டைக்காய் வேரில் கத்தரி: ஒட்டு பிடித்துவிட்டது

ஆடியில் சுண்டை நாற்றின் மேல் ஒட்டுக் கட்டிய கத்தரி, கத்திரி வெயிலையும் தாண்டி மாடியில் இன்னும் காய்க்கிறது! அதே விதையில் வந்த ஒட்டில்லாத செடிகள் பொங்கலுக்கு முன்பே துவண்டுவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத மண்புழுப் பூச்சி அல்ல, நுண்ணிய புழு. பழைய பை மண்ணையே திருப்பித் திருப்பிப் போடுகிறவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பீர்கள். சுண்டை வேர் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. இனி எங்கள் வீட்டில் ஒட்டில்லாத கத்தரி கிடையாது.

மண் கலவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே, நேராக ஒட்டுக்கு வருகிறேன். சுண்டை விதை முளைக்க நாளாகும், முளைத்த பிறகும் மெதுவாகத்தான் ஏறும். அதை முதலில் விதைத்து, மூன்று நான்கு வாரம் கழித்துக் கத்தரியைப் போடுங்கள். வெட்டுகிற அன்று இரண்டு தண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், பேனா ரீஃபில் அளவு போதும். அதற்கு மேல் முற்றினால் பிளவு நேராக இறங்காது.

சுண்டை விதைக்கு ஆன்லைனில் காசைக் கொட்டாதீர்கள். நான் வாங்கிய பாக்கெட்டில் பாதிகூட முளைக்கவில்லை. தெருவோரச் செடியில் மஞ்சளாகப் பழுத்த காயைப் பறித்துப் பிசைந்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். சமையலுக்கு விற்கிற பச்சைக்காயில் விதை முற்றியிருக்காது.

இனி வெட்டு. வேலையே இதில்தான் இருக்கிறது. புது பிளேடு எடுங்கள். சுண்டையை மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் குறுக்காக வெட்டி, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு. கத்தரி நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அடித்தண்டை இருபுறமும் ஆப்பு மாதிரி சீவ வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பு. பிளேடை முன்னும் பின்னும் அறுத்தால் வெட்டுமுகம் மேடு பள்ளமாகி, உள்ளே காற்று நிற்கும், ஒட்டாது. செருகும்போது தோலுக்கு அடியில் இருக்கிற பச்சை அடுக்கு ஒரு பக்கமாவது வரியோடு வரி சேர வேண்டும். தண்டு கொஞ்சம் மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வையுங்கள். சிலிக்கான் கிளிப் மாட்டி, அடி வெட்டிய இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து நிழலில் விடுங்கள். ஈரம் கேனுக்குள் இருக்கட்டும், ஒட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது. ஒரு வாரம் கழித்துச் சாயங்காலத்தில் மட்டும் கொஞ்ச நேரம் திறக்கலாம். இலை தொங்கினால் உடனே மூடிவிடுங்கள். இந்தப் பொறுமையில்தான் செடி பிழைக்கிறது.

பையில் நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். புதைந்தால் கத்தரியே வேர்விட்டு, பட்ட பாடெல்லாம் வீண். ஒட்டுக்குக் கீழே அகன்ற இலையோடு கிளம்புவது சுண்டைத் துளிர். கண்டதும் கிள்ளி எறியுங்கள்.

சுண்டையின் கசப்பு ஏறுமா என்று கேட்காதவர் இல்லை. துளியும் ஏறவில்லை. எலுமிச்சை அளவில் பறித்து, காம்போடு நான்காகக் கீறி, எண்ணெய்க் கத்தரிக்காய் செய்கிறோம். விதை இளசு, தோல் வெண்ணெயாக வேகிறது.

காய்ப்புழுவுக்கு மட்டும் ஒட்டு மருந்தில்லை. கொழுந்து தொங்கினால் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு தின்றுகொண்டிருக்கும். தொங்கிய நுனியைக் கிள்ளி நசுக்குவதும் ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி மாட்டுவதும் தொடர்கிறது. இந்தப் புழுவோடு எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை.

அதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது. ஒரே சுண்டையில் இரண்டு கிளை விட்டு, ஒன்றில் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள் கத்தரி, இன்னொன்றில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் வெள்ளைக் குட்டிக் கத்தரி ரகம், கே.கே.எம். 1. சுண்டை நாற்று ரீஃபில் கனத்தை நெருங்கிவிட்டது. முள் கத்தரியின் ஊரான வேலூர் இலவம்பாடிப் பக்கம் வீட்டு விதை எடுத்து வைக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஒரு சிட்டிகை விதை போதும்.